துள்ளும் வள்ளம், அமுங்கும் வள்ளம்: பைபர் படகை ஒழுங்காக ஓட வைக்க ஒரு முழு வழிகாட்டி

"இன்ஜினுல இழுவ இல்லண்ணே, ஒருதடவ கழட்டிப் பாருங்க."

கரையில் மோட்டார் பழுது பார்க்க உட்கார்ந்தால் வாரத்துக்கு நாலு பேராவது இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆரம்ப வருஷங்களில் நானும் அவர்கள் சொன்னதை நம்பி உடனே கார்புரேட்டரைக் கழற்றிவிடுவேன். இப்போதெல்லாம் மூடியைத் திறப்பதே கடைசியில்தான். முதலில் வள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். அப்புறம் மணலில் குனிந்து அடியைப் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும்.

குமரிக் கரையில் 1980களில் பிளைவுட் வள்ளமும் அவுட்போர்டு மோட்டாரும் பரவின. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பைபர். வள்ளம் ஒரு யார்டில் வார்க்கப்படுகிறது, மோட்டாரை ஒரு கடையில் வாங்குகிறோம், புரொப்பல்லர் தேய்ந்ததும் வேறொரு கடையில் கிடைத்ததைப் போடுகிறோம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஓட்டம் கெடுவது அங்கேதான். கீழே சொல்வது 18 முதல் 30 அடி வரையுள்ள வள்ளத்துக்கும், 9.9 முதல் 40 எச்பி வரையுள்ள மோட்டாருக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

உங்கள் வள்ளத்திடம் நீங்கள் எதிர்பார்ப்பது அதனால் முடிகிற காரியமா? தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 25 அடி படிகிற வள்ளம் என்றால் 5 × 1.34, அதாவது மணிக்கு 6.7 கடல் மைல், சுமார் 12 கிலோமீட்டர். இதற்கு மேல் போக, வள்ளம் எழும்பித் தண்ணீர்மேல் வழுக்கி ஓட வேண்டும். அதற்குத் தட்டையான அடியும் வேண்டும், எடைக்குத் தகுந்த எச்பியும் வேண்டும்.

28 அடி வள்ளம், நாலு ஆள், வலை, ஐஸ், பின்னால் 9.9 மோட்டார் என்றால் அது எழும்பாது. த்ராட்டிலை எவ்வளவு முறுக்கினாலும் அமரம் என்கிற பின்முனை இன்னும் ஆழமாக உட்காரும், அணியம் என்கிற முன்முனை வானத்தைப் பார்க்கும், மண்ணெண்ணெய் தீரும். அது பழுது இல்லை, அந்த வள்ளத்தின் இயல்பு. அதற்கு மருந்து த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்துவதுதான்.

முதல் படி: என்ன செய்கிறது என்று சரியாகச் சொல்லுங்கள்

"சரியா ஓடல" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. காற்றில்லாத அதிகாலையில் இறக்குங்கள். இரண்டு பேர், ஒரு கேன் எரிபொருள், வேறு சுமை வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். இழுபட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் நிறுத்துக் கயிறு ஓட்டுபவர் கையிலோ இடுப்பிலோ மாட்டியிருக்கட்டும். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஒன்று இருந்தால் போதும். நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை ஓடி, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க, ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைக்கிற சின்ன மீட்டர் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு கார்புரேட்டர் சர்வீஸ் காசாவது மிச்சம்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. ஆர்பிஎம் குறைவு, வேகமும் குறைவு என்றால் மோட்டார் பலவீனமாக இருக்கிறது, இல்லையென்றால் தாங்க முடியாத பாரத்தை இழுக்கிறது. ஆர்பிஎம் எகிறுகிறது, வேகம் இல்லை என்றால் புரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்கவில்லை. ஆர்பிஎம் சரியாக இருந்தும் வேகம் இல்லை என்றால் அடியில் ஏதோ பிடித்து இழுக்கிறது.

ஓட்டத்தின் குணத்தையும் கவனியுங்கள். வேகம் எடுத்ததும் அணியம் எழும்பி விழுந்து எழும்பி விழுந்து, ஓங்கல் (டால்பின்) துள்ளுகிற மாதிரி போகிறதா? அல்லது அணியம் அமுங்கி, எதிர் அலையைக் குத்தி, எல்லோரையும் நனைத்துக்கொண்டு, திருப்பினால் தன்னிஷ்டத்துக்கு ஒருபக்கம் பாய்கிறதா? ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடுகிறதா? கைப்பிடி ஒருபக்கம் இழுக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் தண்ணீர்

இதை முதலில் பார்க்காமல் வேறெதற்கும் காசு செலவழிக்காதீர்கள். மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வள்ளத்துக்குள் தண்ணீர் நின்றால் 180 லிட்டர். கடல் தண்ணீராக அது ஏறக்குறைய 185 கிலோ. பார்த்தால் கணுக்கால்கூட நனையாது. ஆனால் கூலி வாங்காத இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அவர்கள் ஓரிடத்தில் உட்காரவும் மாட்டார்கள். வள்ளம் இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் ஓடுவார்கள், அணியம் எழும்பினால் அமரத்துக்கு ஓடுவார்கள். துள்ளலும் சாய்வும் இதனாலேயே வருவதுண்டு. ஆகவே கோரி எடுத்து, துணியால் ஒற்றி, காய்ந்த வள்ளத்தோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இன்னும் மோசம். பைபர் வள்ளத்தின் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் தளத்துக்கு அடியிலும் மிதப்புக்காகப் பஃப் என்கிற நுரைப்பொருள் அல்லது தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். எங்காவது மயிரிழை விரிசலோ, மோட்டார் வைத்த போல்ட் துளையோ இருந்தால் தண்ணீர் வருஷக்கணக்கில் ஊறி உள்ளே இறங்கும். வெயிலில் போட்டாலும் அது வெளியே வராது.

எனக்கு இது புரிந்தது ஒரு 24 அடி வள்ளத்தில். உரிமையாளர் ஒரே வருஷத்தில் மூன்று புரொப்பல்லர் மாற்றியிருந்தார். நானும் என் பங்குக்கு நாலாவதைச் சிபாரிசு செய்து வாங்க வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் வள்ளத்தைக் கரையேற்றும்போது, வழக்கமாக எட்டுப் பேர் தூக்குவதைப் பன்னிரண்டு பேர் தள்ள வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. வலப்பக்கப் பெட்டியின் அடிமூலையில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். முதலில் பழுப்பாக, பஃப் தூளோடு ஒரு நூல்போல் ஒழுகியது. அப்புறம் சொட்டு. காலையில் தொடங்கிய அந்தச் சொட்டு மறுநாள் விடிந்தும் நிற்கவில்லை. கீழே வைத்த பெயிண்ட் வாளியை எத்தனை முறை கொட்டினோம் என்று எண்ணிக்கை விட்டுப்போனது. அந்த நாலாவது புரொப்பல்லரின் விலையை இன்றுவரை அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுவிடுங்கள். சின்ன லாரியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோய், வண்டி எடையைக் கழித்தால் தீர்ந்தது. யார்டில் சொன்ன எடையைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் பெட்டியைத் திறப்பதைத் தவிர வழியில்லை. ஊறிய பஃபைச் சுரண்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காயவிட்டு, புதிதாக அடைத்து, பைபர் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் போட்டு மூட வேண்டும். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. அவசரப்படுகிறவர்கள் மறு வருஷமும் அதே வேலையைச் செய்வார்கள்.

மூன்றாம் படி: சுமையை இடம் மாற்றுங்கள்

இதற்குக் காசே ஆகாது. துள்ளுகிற வள்ளத்தில் எடை அமரத்தில் குவிந்திருக்கும்: மோட்டார், ஓட்டுபவர், எரிபொருள் கேன், பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஒருவர். 20 லிட்டர் மண்ணெண்ணெய் சுமார் 16 கிலோ. இரண்டு கேனையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்குக் கொண்டுவந்து, துணைக்கு இருப்பவரை அணியம் பக்கம் உட்காரச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். துள்ளல் நின்றால் கோளாறு எடையில்தான். அணியம் அமுங்குகிற வள்ளத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

சாய்வைப் பொறுத்தவரை ஒரு சின்ன விஷயம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலச்சுற்றாகச் சுற்றும் புரொப்பல்லர், எதிர்வினையாக வள்ளத்தை லேசாக இடப்பக்கம் சாய்க்கும். அதனால்தான் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால் கைப்பிடியைப் பிடிப்பது வசதி. வலையையும் இடப்பக்கமே குவித்துவிட்டு "இன்ஜின் இழுக்குது" என்று சொல்வதில் நியாயமில்லை.

நான்காம் படி: மோட்டார் நிற்கும் உயரம்

புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கிறதல்லவா, மேலிருந்து காற்று கீழே உறிஞ்சப்படாமல் தடுக்கிற தட்டு. வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்குக் கீழே ஒரு அங்குலத்துக்குள்ளோ அது இருக்க வேண்டும். கரையில் வைத்தே பார்த்துவிடலாம். கொத்தனாரிடம் நேரான மட்டக்கோல் ஒன்று இரவல் வாங்குங்கள். அமரத்தில், ஏராவுக்கு (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) சற்றுத் தள்ளி, அடிப்பரப்போடு ஒட்டிப் பிடித்து மோட்டார் வரைக்கும் நீட்டுங்கள். தட்டு கோலுக்கு மேலே நின்றால் மோட்டார் உயரம் அதிகம். அலையிலும் திருப்பத்திலும் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சும், இன்ஜின் அலறும், வள்ளம் நிற்கும். இரண்டு, மூன்று அங்குலம் கீழே போய்விட்டால் தண்ணீருக்குள் தேவையில்லாத உலோகம் இழுபடும். கைப்பிடி கனக்கும், பின்னால் தண்ணீர் பீறிடும்.

அவுட்போர்டு மோட்டார் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்ற பின்பலகை (அமரத்தில் மோட்டார் மாட்டும் பலகை) உயரங்களுக்கு ஏற்ற தண்டோடு வருகிறது. நம் ஊர் வள்ளங்கள் அலை தாண்டுவதற்காகப் பின்பலகையை யார்டுக்கு யார்டு தம் விருப்பம்போல் உயர்த்துகின்றன. குட்டைத் தண்டு மோட்டாரை 20 அங்குலப் பலகையில் மாட்டிவிட்டு வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர்த்த வேண்டுமானால் பலகையின் மேல் கெட்டியான மரச்சட்டம் வைத்து அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றிப் பாருங்கள். இறக்க வேண்டுமானால் பலகையை வெட்ட வேண்டும். அது திரும்பி வராத வேலை. இரண்டு முறை அளந்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் பிளைவுட் தெரியாமல் ரெசின் பூசுங்கள்.

உயரம் சரியாக இருந்தும் காற்று உறிஞ்சினால் ஏராவைப் பாருங்கள். தடித்த ஏரா பின்பலகை வரை வந்து சதுரமாக முடிந்தால், அதன் பின்னால் நுரைத்த தண்ணீர்தான் புரொப்பல்லருக்குப் போகும். கடைசி ஒன்றிரண்டு அடியை மெல்லச் சரித்து, முனையைக் கூராக்கினால் தீரும்.

ஐந்தாம் படி: சாய்வு ஊசி

மோட்டார் பிடிப்பானில் வரிசையாகத் துளைகளும், அதில் குறுக்கே ஒரு ஊசியும் இருக்கும். ஊசி பின்பலகைக்கு நெருங்கிய துளையில் இருந்தால் மோட்டாரின் கால் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) உள்ளே வரும், அணியம் தாழும். வெளித் துளைக்குப் போகப் போக அணியம் எழும். துள்ளினால் ஒரு துளை உள்ளே. அமுங்கிக் குத்தினால் ஒரு துளை வெளியே. ஒரு நேரத்தில் ஒரு துளைதான். ஓடும்போது அந்தத் தட்டு தண்ணீர்ப்பரப்புக்கு இணையாக இருந்தால் கிட்டத்தட்டச் சரி.

எல்லாவற்றுக்கும் உள்ளே போட்டும் துள்ளல் நிற்கவில்லை என்றால் பின்பலகை நேர்குத்தாக இருக்கலாம். அவுட்போர்டுகள் பின்பலகை சுமார் 12 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. நேர்குத்துப் பலகையில் மோட்டாரின் கால் தானாகவே வெளியே தள்ளி நிற்கும். தடித்த பக்கம் மேலே இருக்கும்படி ஒரு மர ஆப்பு செதுக்கி, பிடிப்பானுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து போல்ட் போடுங்கள். தட்டின் இருபுறமும் மாட்டுகிற பிளாஸ்டிக் இறக்கைகளையும் சிலர் விற்கிறார்கள். சில வள்ளத்தில் உதவும். ஆனால் அது ஊன்றுகோல். கால் ஏன் வலிக்கிறது என்று பார்க்காமல் அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கைப்பிடி ஒருபக்கம் இழுத்தால், தட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு துடுப்பு இருக்கிறதா பாருங்கள். வள்ளம் இடப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை இடப்பக்கம், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். அதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பல மோட்டார்களில் துருவைத் தான் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும் உலோகமும் அதுதான்.

ஆறாம் படி: புரொப்பல்லர்

கை வைப்பதற்கு முன் மோட்டாரை நிறுத்தி, நிறுத்துக் கயிற்றைப் பிடுங்கி, நியூட்ரலில் வையுங்கள். நான் பார்த்த வெட்டுக் காயங்கள் எல்லாம் "ஆஃப்லதான் இருக்கு" என்று சொன்னவர்களுடையவை.

இறக்கைகளின் விளிம்பை விரலால் தடவுங்கள். ஒரு இறக்கையில் மட்டும் மடிப்போ உடைவோ இருந்தால் வள்ளமே அதிரும். அடுத்து புரொப்பல்லரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். தங்கூசி நரம்பு (தூண்டில் நைலான் இழை) சுற்றியிருந்தால் அது ஆயில் சீலை அறுத்திருக்கும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

ஆர்பிஎம் எகிறி வேகம் வராத வள்ளத்தில் அடிக்கடி தப்பிப்போகும் ஒன்று உண்டு. புரொப்பல்லரின் குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பழையதானால் அது உள்ளேயே வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள் குழாயிலிருந்து வெளிக் குடம் வரை பெயிண்டால் நேராக ஒரு கோடு போடுங்கள். கடலில் பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

இனி பிட்ச். புரொப்பல்லரில் 9¼ × 9 என்று பொறித்திருந்தால் இரண்டாவது எண்தான் பிட்ச்: வழுக்காமல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒன்பது அங்குலம் முன்னேறும். இன்ஜின் 5000 ஆர்பிஎம், கியர் விகிதம் 2.08 என்றால் புரொப்பல்லர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2404 சுற்று. அதை ஒன்பதால் பெருக்கிக் கணக்குப் போட்டால் மணிக்கு 17.8 கடல் மைல் வரும். ஜிபிஎஸ் 14 காட்டினால் வழுக்கல் சுமார் 21 சதவீதம். எழும்பி ஓடும் சின்ன வள்ளத்துக்கு அது சாதாரணம். 8 காட்டினால் பாதிக்கு மேல் வீண். காற்று, புஷ், சுமை ஆகிய மூன்றில் ஒன்றுதான் திருடன்.

வழக்கமான சுமையோடு முழு த்ராட்டில் கொடுத்தால் மோட்டார் கையேட்டில் உள்ள ஆர்பிஎம் எல்லைக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் பிட்சைக் குறைக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் கூட்ட வேண்டும். ஒரு அங்குலம் மாற்றினால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை மாறும். பெரிய பிட்ச் போட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை நம் கரையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுமை ஏற்றிய வள்ளத்துக்கு அது நான்காவது கியரில் மலையேறுகிற லாரி. வாங்குவதற்கு முன் பக்கத்து வள்ளத்துக்காரரிடம் ஒரு காலைப்பொழுதுக்கு அவர் புரொப்பல்லரை இரவல் கேளுங்கள்.

ஏழாம் படி: அடி

வள்ளத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பாசியும், ஓடாக ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் இருந்தால் சுரண்டுங்கள். ஆர்பிஎம் சரியாக இருந்தும் வேகம் இல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

பிறகு மறுபடி கொத்தனார் மட்டக்கோல். பின்பலகையிலிருந்து முன்னோக்கி, கடைசி ஐந்தாறு அடியில், ஏராவுக்கு இருபுறமும் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். கோலுக்கும் பைபருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி இருக்கிறது. குழிந்த அடி அணியத்தைக் கீழே அழுத்தும். கோல் நடுவில் தொட்டு இரண்டு முனையும் ஆடினால் புடைப்பு. அது துள்ளலின் தாய். வேகமாக ஓடும் வள்ளத்துக்கு மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் காட்டும். வருஷக்கணக்கில் இரண்டே தென்னந்தடிமேல் வைத்த வள்ளத்தில் இந்த வளைவு சாதாரணம். சின்னக் குழியை ரெசின் புட்டி போட்டு நிரப்பலாம். புடைப்பைத் தேய்க்கக் கிளம்பாதீர்கள், நாரே மெலிந்துவிடும். பின்முனையில் நிரப்பிச் சமப்படுத்துவதுதான் முறை, அதையும் யார்டு ஆள் செய்யட்டும்.

ஒரு நாணயத்தால் அடியெங்கும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று பொத்தென்று மாறுகிற இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. பின்பலகையையும் அப்படியே தட்டுங்கள். அப்புறம் மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டும்போது இன்னொருவரைப் பலகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலகை மூச்சு விடுவதுபோல் அசைந்தால் உள்ளே பிளைவுட் மக்கிவிட்டது. மற்றதெல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்ற வேண்டும். அலை தாண்டும்போது மோட்டாரோடு பலகையும் கழன்று போனால் கடலுக்கு நேராகத் திறந்த வாசல் மட்டும்தான் மிஞ்சும்.

எல்லாம் முடிந்து வள்ளம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே, பின்பலகையின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவிடுங்கள்: ஊசி எத்தனாவது துளை, புரொப்பல்லர் பிட்ச் எவ்வளவு, எத்தனை ஆள், எத்தனை ஆர்பிஎம்முக்கு எவ்வளவு வேகம். அடுத்த தடவை யாராவது ஊசியை மாற்றிப் போட்டுவிட்டு "இன்ஜினுல இழுவ இல்லண்ணே" என்று வந்தால், நான் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.